ஆளில்லாத காடு

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். "நீதான் எழுதுறவனாச்சே தம்பி, நாலு பக்கம் எழுதிக் குடு" என்றார் கோயில் தலைவர். பழைய மலர்கள் மூன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். மூன்றிலும் முதல் வரி ஏறக்குறைய ஒன்றுதான். மனித நடமாட்டமே இல்லாத காட்டுக்கு நம் முன்னோர் வந்தார்கள், காடு வெட்டினார்கள், தேயிலை நட்டார்கள், கேமரன் மலையை உருவாக்கினார்கள். நானும் அதே வரியில்தான் ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய வரி. யோசிக்காமலே கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது பத்தியில் மாட்டிக்கொண்டேன். முதன்முதலில் வந்தவர்கள் எந்த வழியாக மேலே ஏறினார்கள் என்று எழுத வேண்டியிருந்தது. வழி என்று ஒன்று இருந்தால் அதில் யாரோ நடந்திருக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால், கடைசித் தேயிலை மேட்டைத் தாண்டி இறங்கினால், ஒரு செமாய் கிராமம் இருக்கிறது. தோட்டம் வந்த பிறகு முளைத்த ஊர் இல்லை அது. அங்கிருந்து வந்த பிள்ளைகளோடு நான் பள்ளிக்கூடத்துத் திடலில் பந்து விளையாடியிருக்கிறேன். அப்படியிருந்தும் "மனித நடமாட்டமே இல்லாத" என்று எழுதும்போது என் கை நிற்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்பாவோடு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். இப்போது சுற்றுப்பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகிறார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. செமாய் ஆண்களை மரியாதையாக 'பாஹ்' என்று அழைப்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். மலாயில் பேசுவார். நடுநடுவே தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழும் வரும். "இங்க இருக்கிறதிலேயே பழைய வழி எது பாஹ்?" என்று கேட்டேன். சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் அருவி எங்கன்னுதான் கேப்பாங்க. நீ வழியைக் கேக்குற. சரி வா, அருவிக்கே போவோம். ரெண்டும் ஒண்ணுதான்."

ராபின்சன் அருவிக்குப் போகும் பாதைக்கு ஒன்பது என்று பெயர். கேமரன் மலையின் காட்டுப் பாதைகளை எண்களை வைத்துத்தான் சொல்வார்கள். தானா ராத்தாவில் மார்டி விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பக்கமாகப் போய், ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் காடு தொடங்கிவிடும். அங்கிருந்து அருவி அதிக தூரமில்லை. கால் மணி நேரத்தில் இரைச்சல் கேட்கும். ஆனால் பாதை வழுக்கும், வேர்கள் காலை வாரும். பாஹ் ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு, இடுப்பில் பாராங்கோடு முன்னால் போனார். நான் விலை கொடுத்து வாங்கிய மலையேற்றக் காலணியோடு இரண்டு முறை விழுந்தேன்.

வழியில் ஒரு பெரிய பட்டாம்பூச்சி பாஹின் தோளில் உட்கார்ந்தது. "பொண்ணு பார்க்க வந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் நின்றுவிட்டார். கோபமில்லை. "பூச்சியைப் பார்த்துச் சிரிக்காத தம்பி. மழை வரும்" என்றார். பிறகு நான் சிரிக்கவில்லை.

செமாய் மக்களிடம் இதற்கு ஒரு முறைமை உண்டு. விலங்குகளையும் பூச்சிகளையும் கேலி செய்தால் இடியும் பெருமழையும் வரும், மண் சரியும், நிலத்தடியில் இருக்கும் நாகம் புரளும் என்பார்கள். 1960களின் தொடக்கத்தில் இவர்களோடு வாழ்ந்து ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் நாக்ஸ் டெண்டன் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1968இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே செமாய்களை 'மலாயாவின் வன்முறையற்ற மக்கள்' என்கிறது. இதைப் பகுத்தறிவுக் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேமரன் மலையில் மண்சரிவு என்பது கதை இல்லை. மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்தால் அந்தச் செய்திதான் இருக்கும். மலையைச் சீண்டினால் மலை திரும்பிப் பார்க்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஒரே கூட்டம் இந்த மலையில் இவர்கள்தான்.

கேமரன் மலை என்ற பெயர் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளரால் வந்தது. 1885இல் பேராக்குக்கும் பகாங்குக்கும் இடையிலான மலைத்தொடரை அளந்து படம் வரைய வந்தவர். அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. பகாங்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டே கிடையாது, அது 1888இல்தான் வந்தது. ஆக, வெள்ளைக்காரன் ஆட்சி எட்டாத ஒரு நிலத்துக்குள் கேமரன் வந்தார். கூட வந்தவர் குலோப் ரியாவ். மலைகளுக்கு நடுவே மென்மையாகச் சரியும் ஒரு பெரிய மேட்டுநிலத்தைக் கண்டதாகக் கேமரன் எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் கண்ட இடம் சரியாக எங்கே இருக்கிறது என்பது படத்தில் தெளிவாகப் பதியவில்லை. அதனால் அதன் பிறகு நாற்பது வருடம் அதிகாரிகளுக்கு அது பாதி வதந்தி, பாதி ஊர். 1925இல் சர் ஜோர்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் இதை ஒரு மலைவாசத் தலமாக்கும் திட்டம் உறுதியானது. இலங்கையின் நுவரெலியாவையும் பிலிப்பைன்ஸின் பாகியோவையும் மனத்தில் வைத்து அவர் இதைப் பார்த்தார்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது 'தொலைந்துபோன மேட்டுநிலம்' என்பது எனக்குப் பெரிய சாகசமாக இருந்தது. பாஹிடம் இதைச் சொன்னேன். "யாருக்குத் தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நாற்பது வருடமாக வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்த அந்த இடத்தில் மக்கள் கிழங்கும் தினையும் போட்டு, மூங்கில் வெட்டி, மீன் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்படியானால் ஏன் அவர்களைக் கேட்கவில்லை? கேட்கத்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் தீபகற்பத்தின் உள்காடுகளுக்குப் போன அளவையாளர்கள், சுரங்கம் தேடியவர்கள், பறவை சேகரித்தவர்கள் எல்லாருமே பூர்வகுடிகளின் முதுகிலும் காலிலும்தான் போனார்கள். சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், இரவில் குடில் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். பெயர் மட்டும் பின்னால் நடந்து வந்தவர்களுக்குப் போனது. மலைக்கு மட்டுமில்லை, மூங்கிலுக்கும் அதே கதைதான். ஊதுகுழல் செய்வதற்கு இவர்கள் தேடிப்போகும் நீளக் கணு மூங்கில் உயரமான மலைகளில்தான் வளரும். தலைமுறை தலைமுறையாக அது நிற்கும் இடம் இவர்களுக்குத் தெரியும். தாவரவியலில் அதற்குப் பெயர் பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த லெனார்ட் ரே என்பவரின் பெயர்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாச் செமாய்களும் வெளியாளைக் கண்டதும் வழி காட்ட ஓடி வந்துவிடவில்லை. பல ஊர்களில் ஆள் அரவம் கேட்டாலே காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். இதைப் பழைய குறிப்புகள் 'கூச்ச சுபாவம்' என்று எழுதின. கூச்சமில்லை, பயம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அடிமை வேட்டைக்காரர்கள் இந்த மலைகளுக்குள் வந்து ஊர்களைச் சூழ்ந்து, பெரியவர்களைக் கொன்று, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பேராக்கில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1883ஆம் ஆண்டு முடிவில். கேமரன் மலையேறியது அதற்கு இரண்டே வருடம் கழித்து. சட்டம் வந்த அன்றே வேட்டை நின்றுவிடவும் இல்லை. செமாய்களின் அமைதிக் குணத்துக்குப் பின்னால் இந்த நீண்ட பயங்கரம் இருக்கிறது என்று டெண்டன் பிற்காலத்தில் எழுதினார். சண்டை போட முடியாத இடத்தில் ஓடி ஒளிவதுதான் அறிவு என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 'ஆளில்லாத காடு' என்று வந்தவர்களுக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு இதுதான். ஆள் இருந்தார்கள். கண்ணில் படாமல் இருக்கக் கற்றிருந்தார்கள்.

அருவி வந்துவிட்டது. படத்தில் பார்ப்பதுபோல் வெள்ளை நுரையாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பெர்த்தாம் ஆறு பாறை இடுக்கில் அடித்துக்கொண்டு விழுகிறது, இரைச்சல் நெஞ்சில் அதிர்கிறது, ஆனால் தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறம். மேலே பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் வெட்டிய மண், காய்கறித் தோட்டத்துச் சேறு, ஊர் அழுக்கு எல்லாம் இதில்தான் இறங்குகிறது. ஒரு பாறையில் பிளாஸ்டிக் பை ஒன்று கொடிபோலத் தொங்கியது. பாஹ் கிளை ஒன்றை வெட்டி அதை இழுத்தெடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பெர்த்தாம்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அது ஒரு பனை வகையின் பெயர். தண்டு உயராமல் தரையிலிருந்தே புதராகக் கிளம்பும் பனை. ஓலை கூரைக்கு ஆகும், மட்டை ஊதுகுழல் அம்புக்கு ஆகும். எங்களூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டமான சுங்கை பாலாஸின் பெயரும் இன்னொரு பனையின் பெயர்தான். ஆற்றுக்கு இருப்பது செடியின் பெயர். அதே ஆறு ஓரிடத்தில் குதித்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஓர் ஆங்கிலேயப் பெயர்.

"உங்க பாஷையில இந்த அருவிக்கு என்ன பேரு பாஹ்?" என்று கேட்டேன். நோட்டுப் புத்தகம் கையில் தயாராக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். "பேரு இருக்கு. எழுதிக்கிறதுக்கா?" என்றார். நான் புத்தகத்தை மூடினேன். ஆனாலும் அவர் சொல்லவில்லை.

செமாய் மொழி தமிழுக்கோ மலாய்க்கோ உறவில்லாதது. ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்லிய மொழிகளில் ஒன்று. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன், இந்தியாவில் காசி, சந்தாலி எல்லாம் அதன் தூரத்துச் சொந்தங்கள். சந்தாலிகளும் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஓட்டிச்செல்லப்பட்டவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. தேயிலை எத்தனை பேரை எங்கெங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

அருவிக்குக் கீழே பாதை செங்குத்தாக இறங்குகிறது. இறங்கினால் பழைய ராபின்சன் நீர்மின் நிலையம். 0.9 மெகாவாட் மட்டுமே தரும் சின்ன நிலையம். ஆனால் அது ஒரு பெரிய ஏற்பாட்டின் சிறு உறுப்பு. 1960களின் தொடக்கத்தில் முடிந்த கேமரன் மலை நீர்மின் திட்டத்தில், வடக்கே ஓடும் தெலோம் ஆற்றின் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பினார்கள். அது ஹாபுவில் ஒரு நிலையத்தைச் சுற்றிவிட்டு ரிங்லெட் ஏரியில் விழும். அங்கே 1963இல் கட்டிய சுல்தான் அபுபக்கர் அணை அதைத் தேக்குகிறது. பிறகு மலையைக் குடைந்த இன்னொரு சுரங்கம் வழியாகத் தண்ணீர் பேராக் பக்கம் இறங்கி, 100 மெகாவாட் கொண்ட ஜோர் நிலையத்தை ஓட்டுகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெர்த்தாம் இயல்பாகக் கிழக்கே ஓடி, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய ஆறு. திருப்பிய பிறகு அதன் தண்ணீரில் பெரும்பங்கு மேற்கே இறங்கி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ஒரு நதியின் கடலையே மாற்றிவிட்டார்கள். செமாய்களுக்கு ஊர் எல்லை என்பது ஆற்றை வைத்துத்தான். இந்த ஓடையிலிருந்து அந்த முகடு வரை இன்னார் நிலம் என்று பேசுவார்கள். ஆற்றைத் திருப்புவது அவர்களுக்குப் பத்திரத்தைத் திருத்துவது மாதிரி. ஆனால் பத்திரம் அவர்கள் கையில் என்றுமே இருந்ததில்லை.

ரிங்லெட் ஏரி சேற்றால் தூர்ந்துகொண்டே வந்தது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம், பெருமழையில் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. அந்த இரவைப் பற்றி அவரிடம் கேட்டேன். "நாகம் புரண்டதுன்னு எங்க பெரியவங்க சொன்னாங்க. நான் சொல்லல. எனக்கு அணை எங்க இருக்குன்னு தெரியும்" என்றார். அதே பெர்த்தாமில் இன்னும் கீழே சூசுவில் இன்னொரு அணை வந்து, 372 மெகாவாட் கொண்ட உலு ஜெலாய் நிலையம் 2016இல் ஓடத் தொடங்கிவிட்டது.

மின் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசியாறினோம். நான் கொண்டுபோன ரொட்டி, அவர் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கு. அங்கிருந்துதான் பேச்சு எங்கள் கதைக்கு வந்தது.

எங்கள் கதை 1926இல் தொடங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போடும் வேலை அந்த வருடம் ஆரம்பித்தது. 1930, 31 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் கூலிகள். மலேரியா வந்த சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலைத் தோட்டம் நடத்திய அனுபவமுள்ள மில்னேயோடு சேர்ந்து ஹாபு பக்கம் நிலம் வாங்கி 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் மற்றத் தோட்டங்களும் வந்தன. சரிவில் மரத்தைச் சாய்த்ததும், வேரைப் பெயர்த்ததும், கன்று நட்டதும், கொழுந்து எடுத்ததும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். இதில் ஒரு எழுத்தும் மிகையில்லை. சாலையின் ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒரு முனியாண்டியின் காய்ச்சல் இருக்கிறது.

ஆனால் அந்த உண்மையோடு நாங்கள் இன்னொரு பொய்யையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். காடு காலியாக இருந்தது என்ற பொய்யை. ஏன் அது தேவைப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டில் எங்களை 'வந்தேறி' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் நாங்கள் எடுத்துக்காட்டும் பத்திரம் இந்த உழைப்புத்தான். 'யாருமே இல்லாத இடத்தில் நாங்கள்தான் முதலில்' என்று சொன்னால் பத்திரம் இன்னும் உறுதியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. ஆனால் அது துரை சொன்ன கதை. வெற்று நிலம் என்று எழுதினால்தான் அவனால் அதை ஏக்கர் ஏக்கராகக் குத்தகைக்குக் கொடுக்க முடியும். கொத்துக் கூலிக்கு வந்தவன் பேரப்பிள்ளை எதற்காகத் துரையின் வரியைத் தன் கோயில் மலரில் அச்சடிக்க வேண்டும்? உழைத்தோம் என்பதை நிரூபிக்க நிலம் காலியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு வெட்கமான ஒரு நினைவு இருக்கிறது. சின்ன வயதில் அடம் பிடித்தால் பாட்டி, "சக்காய் வருவான், மூட்டையில கட்டித் தூக்கிட்டுப் போயிருவான்" என்பார். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பயம் காட்டப்பட்டது. 'சக்காய்' என்பது பூர்வகுடிகளைக் குறித்த பழைய மலாய்ச் சொல். அடிமை, கீழாள் என்ற வாடை அதில் உண்டு. அறுபதுகளில் அரசாங்கமே அதை விட்டுவிட்டு 'ஒராங் அஸ்லி' என்று எழுதத் தொடங்கியது. எங்கள் லயத்தில் அது போக இன்னும் முப்பது வருடம் ஆனது. 'கிளிங்' என்று எங்களை யாராவது சொன்னால் ரத்தம் கொதித்த அதே வாய்கள்தான் இதையும் சொல்லின.

தயங்கித் தயங்கி இதை அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் தோரணையில்தான் ஆரம்பித்தேன். அவர் கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க பாட்டியும் அதேதான் சொல்லும். வெளியாள் வர்றான், பயப்படு, பயப்படு, புடிச்சுட்டுப் போயிருவான்னு. உங்க ஆளுங்க சம்பளம் வாங்கிட்டு எங்க ஊர் பக்கம் பெத்தாய் வாங்க வந்தா நாங்க வீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவோம்."

இருவரும் சிரித்தோம். ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு, அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் பாட்டி சொன்னது கட்டுக்கதை. செமாய் யாரும் எந்த லயத்துப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனதில்லை. அவர் பாட்டி சொன்னது அந்தப் பாட்டியின் பாட்டிக்கு நடந்தது.

நடந்ததை அடுக்கிப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக் கதையும் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. 1948இல் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அதே காரணத்துக்காக ஒராங் அஸ்லிகளைக் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். வெயிலும் நோயும் ஏக்கமும் சேர்ந்து அங்கே பலர் செத்துப்போனார்கள். 1954இல் பூர்வகுடி மக்கள் சட்டம் வந்தது. அவர்களுக்கு என்று ஒதுக்கிய நிலத்தையும் மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நட்டு வைத்த பழமரத்துக்கு நட்டஈடு உண்டு என்றது அது. தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டுக் கிளம்பிய எங்கள் ஆட்களுக்கு வேலை செய்த வருடத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். அங்கே மரத்துக்குக் கணக்கு, இங்கே வருடத்துக்குக் கணக்கு. மண்ணுக்குக் கணக்கு இரண்டு பேருக்கும் இல்லை.

மாற்றம் நீதிமன்றத்திலிருந்துதான் ஆரம்பித்தது. ஜொகூரில் லிங்கியூ அணைக்காக ஜாக்குன் மக்கள் நிலம் இழந்தார்கள். சிங்கப்பூருக்குத் தண்ணீர் தருவதற்கான அணை அது. அடோங் குவாவ் என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், முன்னோர் காலத்து நிலத்தின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1996இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2.65 கோடி ரிங்கிட் இழப்பீடு. ஒரு அணைதான் அந்த உரிமையைச் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது.

பிறகு 2019. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004இல் உருவானதிலிருந்து அங்கே ஜெயித்தவர்கள் எல்லாம் மஇகாவின் தமிழர்கள். 2018 தேர்தல் முடிவு நீதிமன்றத்தில் ரத்தானது. 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் மஇகா ஒதுங்கிக்கொள்ள, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ரம்லி முகமட் நோர் நின்று ஜெயித்தார். மலேசிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி அவர். சுதந்திரம் கிடைத்து 61 வருடம் கழித்து. அன்றைக்கு எங்கள் தோட்டத்துக் கடையில் நடந்த பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'நம்ம சீட்டு போச்சு' என்பதைத் தவிர வேறு எதுவும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திரும்பி வந்து முதல் வரியை மாற்றினேன். 'செமாய் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த இந்த மலைக்கு, 1926க்குப் பிறகு நம் முன்னோர் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் நடந்து வந்த வழிகளில் பல செமாய்கள் நடந்த வழிகள்.' அவ்வளவுதான். மற்ற நாலு பக்கமும் சாலையும் மலேரியாவும் கொழுந்தும் கோயிலும்தான்.

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டும் போச்சு, இப்ப கதையையும் குடுக்கணுமா?" என்று கேட்டார். கோபத்தைவிட அதில் களைப்புத்தான் அதிகம். எனக்கு அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு லயத்து வீட்டுக்குப் பட்டா கேட்டு அலைந்த மனிதர். கையில் மிச்சம் இருப்பது அந்தக் கதை ஒன்றுதான். "கதையைக் குடுக்கல மாமா, நடந்ததை எழுதுறோம்" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அவராகவே சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது அவருடைய அம்மா உப்பையும் கருவாட்டையும் கொண்டுபோய் செமாய் ஊரில் கொடுத்துக் கிழங்கு வாங்கி வருவாராம். "அந்தக் கிழங்கைத் தின்னுதான் எங்க அண்ணனுங்க பொழைச்சானுங்க. சரி, போடு. நம்ம ஆளுங்க காடு வெட்டினதை மட்டும் எடுத்துறாத." எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

திருவிழா முடிந்து மலரில் ஒரு பிரதியைக் கொண்டுபோய் பாஹிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முதல் பக்கத்தைத் திறந்து, "இதுல எங்க பேரு எது?" என்று கேட்டார். 'செமாய்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அந்த மூன்று எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஊர் பேரு?" என்றார்.

ஊர்ப் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. அடுத்த வருடம் போடுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மலரை மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு சுற்றுப்பயணிகள் அருவிக்குப் போகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்துபோனார்.